வீட்டுப் புல்தரைக்கு ரோலர்: வடசென்னை மண்ணில் எப்போது உருட்டலாம், எப்போது கூடாது

தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது, ஒரு தடவை ரோலர் விட்டால் மட்டமாகிவிடும் என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் ரோலர் தேடுகிறார்கள். அது நடக்காது. கையால் இழுக்கும் ரோலர் மேட்டை வெட்டுவதும் இல்லை, பள்ளத்தை நிரப்புவதும் இல்லை. இரண்டையும் சேர்த்து அமுக்கும். அமுங்கிய பிறகும் மேடு மேடாகவே இருக்கும், மண் மட்டும் இறுகிப்போயிருக்கும்.

ரோலர் நன்றாகச் செய்கிற வேலை வேறு. புதிதாக விரித்த புல்லுக்கும் அடிமண்ணுக்கும் நடுவே காற்று நிற்கிற இடங்களை மூடி, வேரை மண்ணோடு ஒட்டவைக்கும். வேர் மண்ணைத் தொடாத இடத்தில், நீங்கள் எவ்வளவு தண்ணீர் விட்டாலும், நம் வெயிலில் மூன்று நாலு நாளில் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். இந்த ஒரு வேலைக்காகத்தான் ரோலரை முதன்மையாகக் கையில் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பின்.

உங்கள் மண் எது?

கடலோரமாகத் தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை பெரும்பாலும் மணல்தான். உள்ளே பெரம்பூர், கொளத்தூர் பக்கம் போகப் போகக் களி கூடும். ஆனால் ஏரியாவின் பெயரை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். மழைக்குத் தண்ணீர் ஏறாமல் இருக்க மனையை உயர்த்தும்போது லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண்தான் பல வீடுகளில் மேலே இருக்கும். அது எங்கிருந்து வந்த மண் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் உடைந்த செங்கல்லும் கெட்டியான சிமென்ட் கட்டிகளும் கிடக்கும்.

எனவே கையால் பாருங்கள். நாலு விரற்கடை ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, தண்ணீர் தெளித்து, முறுக்கு மாவு பதத்துக்குப் பிசையுங்கள். பென்சில் தடிமனுக்குத் திரித்து வளையமாக வளையுங்கள். வெடிப்பு விடாமல் வளையம் வந்தால் களி. திரிக்கும்போதே உதிர்ந்தால் மணல். திரி வந்து, வளைக்கும்போது மட்டும் உடைந்தால் இரண்டும் கலந்த மண். தரையின் நாலு மூலையிலும் நடுவிலும் தனித்தனியாகப் பாருங்கள். கொட்டிய மண் உள்ள வீட்டில் ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் சம்பந்தமே இருக்காது.

இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. களியின் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றுக்கு இடையிலுள்ள துளைகள் வழியாகத்தான் காற்றும் தண்ணீரும் வேருக்குப் போகின்றன. ஈரமாக இருக்கும்போது மேலே பாரம் ஏறினால் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நெருங்கிவிடும். காய்ந்த பிறகும் அந்தத் துளைகள் சட்டென்று திறப்பதில்லை. அடுத்த ஐப்பசி மழைக்குத் தண்ணீர் உள்ளே இறங்காமல் புல்லின்மேல் குளமாக நிற்கும், அல்லது நேராகத் தெருவுக்கு ஓடும். தமிழ்நாட்டில் 2003 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழி தோண்டி வைத்துவிட்டு, அதைவிடப் பல மடங்கு பரப்புள்ள புல்தரையை இறுக்கி மூடிவிட்டால் என்ன பயன்?

மணல் அவ்வளவு சுலபத்தில் இறுகாது. அங்கே பிரச்சினை வேறு: காய்ந்த மணலில் ரோலர் விட்டால் அமுங்காது, உருளைக்கு முன்னால் அலைபோலத் தள்ளிக்கொண்டு போகும். முதல்நாள் மாலை நனைத்துவிட்டு மறுநாள் உருட்டினால் நிற்கும்.

ரோலரின் எடை

வீட்டுக்கு ஏற்றது தண்ணீர் நிரப்பும் உள்ளீடற்ற உருளை. 45 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. அகலமும் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு சுமார் 95 லிட்டர். வெறும் உருளையும் கைப்பிடியும் 25 கிலோ என்றால், முழுக்க நிரப்பும்போது 120 கிலோ ஆகிவிடும். வீட்டுப் புல்தரை எதற்கும் அவ்வளவு தேவையில்லை. களிமண்ணுக்கு 30 லிட்டர் போதும். மணலுக்கு 45 முதல் 50 லிட்டர். ஹோஸைச் சொருகிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் அளந்து ஊற்றுங்கள்: களிக்கு ஒன்றரை பக்கெட், மணலுக்கு இரண்டரை. தண்ணீருக்குப் பதில் மணல் நிரப்பினால் அதே உருளை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனக்கும், பிறகு சுலபத்தில் குறைக்கவும் முடியாது.

ஒரே எடையுள்ள இரண்டு உருளைகளில் விட்டம் சிறியது அதிகம் பதியும், தரையில் கோடும் போடும். கிடைத்தால் 40 செ.மீ.க்குக் குறையாத விட்டம் பாருங்கள். உருளையின் இரு ஓரமும் மழுங்கலாக வளைந்திருக்க வேண்டும். கூரான ஓரம் புல்லை அறுக்கும்.

ரோலர் கிடைக்காதவர்கள் நீல நிற பிளாஸ்டிக் டிரம்மைப் படுக்கவைத்து உருட்டுவதுண்டு. அதில் வளையம் வளையமாகத் துருத்திக்கொண்டிருக்கும் பகுதிதான் தரையைத் தொடும், நடுப்பகுதி தொடாது. வீண் வேலை. சிமென்ட் பைப் துண்டு பரவாயில்லை: 30 செ.மீ. உள்விட்டம், 3 செ.மீ. கனம் உள்ள பைப்பில் 60 செ.மீ. நீளம் வெட்டினால் சுமார் 45 கிலோ வரும். உள்ளே கம்பியைக் கோத்து இழுக்கலாம். அதற்குள் கான்கிரீட் ஊற்றி நிரப்பிவிடாதீர்கள், எடை 140 கிலோவைத் தாண்டிவிடும். விளையாட்டு மைதானத்து கிரிக்கெட் ரோலரை இரவல் வாங்கிவரும் யோசனை வேண்டவே வேண்டாம். பந்து எகிற வேண்டும் என்பதற்காக மண்ணைக் கல்லாக்குவதுதான் அதன் நோக்கம். உங்கள் நோக்கம் அதற்கு நேர் எதிர்.

தரை 100 சதுர அடிக்குள் என்றால் ரோலரே தேவையில்லை. 2 அடிக்கு 3 அடி பலகை ஒன்றைப் புல்லின்மேல் வைத்து, அதன்மேல் ஏறி நின்று, நாலு மூலைக்கும் மெதுவாக நடந்து, பலகையை நகர்த்திக்கொண்டே போங்கள். வடசென்னையில் பெரும்பாலான வீடுகளின் முன்வாசல் புல்லுக்கு இதுதான் சரியான அளவு. திமிசுக்கட்டையால் அடிப்பது மட்டும் வேண்டாம். அடி விழுந்த இடம் குழியும், பக்கத்து இடம் எழும்பும்.

ஈரப் பதம்

ரோலர் வேலையில் கெட்டுப்போகிறதில் பாதிக்கு மேல் ஈரம் தப்பியதால்தான். 5 முதல் 7 செ.மீ. ஆழத்து மண்ணைக் கையில் எடுத்து இறுகப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் மினுங்கினால் இன்றைக்கு வேண்டாம். கொழுக்கட்டைபோல் உருண்டை நின்று, கட்டைவிரலால் அழுத்தினால் பிளந்தால், அதுதான் பதம். கையைத் திறந்ததும் பொடியாகக் கொட்டினால் ஈரம் போதாது.

இன்னொரு சோதனை (புதிதாகக் கொத்திய மண்ணுக்கு இது பொருந்தாது): தரையில் சாதாரணமாக நடந்து பாருங்கள். குதிகால் 1 செ.மீ.க்கு மேல் புதைந்தால் ரோலரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். களித்தரை ஒரு நல்ல மழைக்குப் பிறகு இந்தப் பதத்துக்கு வர நாலைந்து வெயில் நாள் ஆகும். மணல்தரை மறுநாளே வந்துவிடும்.

புதிதாகப் புல் விரிக்கும்போது

ரோலர் இரண்டு முறை வேண்டியிருக்கும்: மண்ணைத் தயார் செய்யும்போது ஒன்று, புல் விரித்த அன்றே இன்னொன்று.

1. மம்பட்டியால் 15 செ.மீ. ஆழம் கொத்தி, கல், செங்கல் துண்டு, கோரைக்கிழங்கு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். கோரையை விட்டுவிட்டுப் புல் விரித்தால் இரண்டே மாதத்தில் அது புல் பாளத்தை (மண்ணோடு வெட்டியெடுத்த புல் துண்டு) துளைத்து மேலே வரும், ரோலர் அதை ஒன்றும் செய்யாது. மக்கிய எரு ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்பிக் கலக்குங்கள். 100 சதுர அடிக்கு எட்டேகால் கன அடி பிடிக்கும். களியை இளக்குவதற்காக நாலு சட்டி மணலைக் கலப்பது பலர் செய்கிற தவறு. கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் செங்கல் பதம்தான் வரும். எருதான் களியை இளக்கும்.

2. நூல் கட்டி, மட்டப்பலகையாலும் ரசமட்டத்தாலும் மட்டம் பாருங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் வேண்டும். நடைபாதை மட்டத்துக்கு 2 முதல் 2.5 செ.மீ. கீழே மண் நிற்கட்டும், பாளம் வைத்ததும் சமமாகிவிடும்.

3. நன்றாகத் தண்ணீர் விட்டு, ஈரப் பதம் வரும்வரை விடுங்கள். பிறகு ஒரே ஒரு முறை ரோலர் இழுங்கள். இதன் நோக்கம் இறுக்குவது இல்லை. எங்கே மண் பொய்யாக நிற்கிறது என்று காட்டிக்கொடுப்பதுதான். குழாய்க்குத் தோண்டி மூடிய இடம், மரம் பிடுங்கிய குழி, சம்ப்பின் ஓரம் எல்லாம் அமுங்கிப் பளிச்சென்று தெரியும். அங்கே மண் போட்டு, மட்டம் தட்டி, அந்த இடத்தில் மட்டும் மறுபடி இழுங்கள். முடிந்ததும் நடந்தால் காலடி 1 செ.மீ. அளவு பதிய வேண்டும். பதியவே இல்லையென்றால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள். வாரியால் மேல்மண்ணைக் கீறிவிடுங்கள்.

4. பாளங்கள் வந்த அன்றே விரித்தாக வேண்டும். அடுக்கிவைத்த கட்டின் நடுவில் சூடேறிப் புல் வெந்துவிடும். செங்கல் கட்டுவதுபோல் ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் நடுவில் விழட்டும். பாளத்துக்கும் பாளத்துக்கும் இடையே சந்து தெரியக் கூடாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் கூடாது.

5. பூவாளியால் லேசாக நனைத்து, உடனே ரோலர். பாளங்கள் நீளவாக்கில் கிடக்கும் திசைக்குக் குறுக்காக முதல் முறை, நீளவாக்கில் இரண்டாம் முறை. அத்தோடு நிறுத்துங்கள். பாளத்தின் அடியில் ஒட்டிவருவது பெரும்பாலும் வயற்களி. அது ஊறிப்போனால் உருளையின் கீழே பாளமே வழுக்கி நகரும். எனவே முழுத் தண்ணீர் ரோலருக்குப் பிறகுதான். அடிமண் நாலு அங்குலம் நனையும்வரை விடுங்கள்.

அன்று தவறிப்போனால் மறுநாள் செய்யலாம். அதற்குமேல் போனால் விட்டுவிடுங்கள். மூன்றாம் நாலாம் நாள் புதுவேர் நூல்நூலாக இறங்கத் தொடங்கியிருக்கும். அப்போது பாளம் கொஞ்சம் நகர்ந்தாலும் அத்தனையும் அறுந்துபோகும். ரோலருக்குப் பதிலாக, எழும்பி நிற்கும் பாளங்களைப் பலகை வைத்து மிதித்து, சந்துகளில் சலித்த மணலும் எருவும் தூவுங்கள்.

பாளமாக இல்லாமல் வேர்த்துண்டுகளாக 10 செ.மீ. இடைவெளியில் நடுகிறவர்கள், நட்ட அன்று மாலை மிக லேசான ரோலர் ஒரு முறை இழுத்தால் போதும். புல் ஓடிப் படர்ந்து முதல் முறை வெட்டியபின் இன்னொரு முறை. அந்த இரண்டாவது உருட்டலில், எழும்பி நிற்கும் ஓடுதண்டுகள் மண்ணைத் தொட்டுக் கணுவுக்குக் கணு வேர் விடும்.

இழுக்கும் முறை

ரோலரைத் தள்ளாதீர்கள், இழுங்கள். இழுத்தால் உங்கள் காலடித் தடத்தின்மேல் உருளை வந்து அதை அழிக்கும். தள்ளினால் உருட்டி முடித்த இடத்தில் உங்கள் குதிகால் குழிகள் வரிசையாக நிற்கும். நிதானமாக நடங்கள், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன்மேல் ஒரு சாண் ஏறட்டும். திருப்புவது எப்போதும் புல்லுக்கு வெளியே, நடைபாதையில். புல்லின்மேல் நின்ற இடத்தில் திருப்பினால் அந்த இடம் கிழியும். பாதி நிரம்பிய உருளைக்குள் தண்ணீர் அலம்புவதால் நீங்கள் நின்றாலும் அது உடனே நிற்காது. கேட்டருகே வாட்டமாக இருந்தால் கவனம். உருளையில் மண் ஒட்டத் தொடங்கினால் ஈரம் அதிகம் என்று பொருள். சுரண்டிவிட்டுத் தொடராதீர்கள், நாளைக்கு ஒத்திப்போடுங்கள்.

சம்ப் மூடி, செப்டிக் டேங்க் மூடி, சாக்கடை சேம்பர், ஆழம் குறைவாகப் போகும் பிளாஸ்டிக் குழாய் இவை எங்கே என்று முதலில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மழைநீர்க் குழியின்மேலும் அதைச் சுற்றி இரண்டடிக்கும் ரோலர் போகக் கூடாது.

பழைய புல்தரைக்கு

வேர் பிடித்த தரைக்கு ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் அவசியமே இல்லை. பல ஆண்டுகளில் அதுவும் தேவைப்படாது. மழைக்காலம் முடிந்து மண்புழு எச்சங்களும் சிறு சிறு எழும்பல்களும் தரையெங்கும் இருந்தால் மட்டும், தை கடைசியிலிருந்து மாசி நடுவுக்குள் ஒரு நாள் பார்த்துச் செய்யுங்கள். இரண்டு நாள் முன்பு புல்லை வெட்டிவிடுங்கள். மண்புழு எச்சம் காய்ந்திருந்தால் முதலில் விளக்குமாற்றால் உதிர்த்துப் பரப்புங்கள். ஈரத்தோடு உருட்டினால் அது வடைபோல் தட்டையாகிப் புல்லை மூடும். பிறகு ஒரே ஓட்டம். களித்தரை என்றால் இதையும் விட்டுவிடுவதே எங்கள் பரிந்துரை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்த மண்ணிலும் வேண்டாம். கத்திரி வெயிலில் வேண்டாம், நொந்துபோன இலை நசுங்கிப் பழுக்கும். வட்ட வட்டமாகப் பழுப்பேறும் பூஞ்சை நோய் இருந்தாலும் வேண்டாம். உருளை அதைத் தரை முழுக்க எடுத்துக்கொண்டு போகும்.

ரோலருக்கு அடங்காத மேடுகள்

கொரியன் புல் வைத்திருப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். அந்தப் புல்லில் மெல்லிய இலை வகை, வெட்டாமல் விட்டால், திட்டுத்திட்டாகத் தலையணைபோல் எழும்பும். அந்த மேடு மண்ணில் இல்லை, புல்லின் அடியில் சேரும் காய்ந்த தண்டு அடுக்கில் இருக்கிறது. விரலை விட்டுப் பாருங்கள், மெத்தென்று இருக்கும். அதை உருட்டினால் இரண்டு நாளில் மறுபடி எழும். கொஞ்சம் கொஞ்சமாக உயரம் குறைத்து வெட்டி, கம்பி வாரியால் காய்ந்த அடுக்கைக் கோதி எடுப்பதுதான் வழி. ஒரே வெட்டில் இலை உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

பெருச்சாளி வளைமேல் ரோலர் விட்டால் வளை உள்ளே இடியும், மேலே நீளமான பள்ளம் விழும், பெருச்சாளி வேறு பக்கம் தோண்டும். வளையைத் திறந்து, கல்லும் மண்ணும் போட்டுக் கெட்டித்து, வெட்டியெடுத்த புல்லை மேலே வைக்க வேண்டும். வீட்டு விசேஷத்துக்குப் போட்ட நாற்காலிக் கால்கள் குத்திய குழிகளுக்கும் ரோலர் வேண்டாம். தோட்டக் கவையை (கார்டன் ஃபோர்க்) குழிக்குப் பக்கத்தில் சாய்வாகக் குத்தி மெதுவாக நெம்பினால் மண் மேலே வரும்.

பள்ளத்தின் ஆழத்தை மட்டப்பலகை வைத்து அளந்து பாருங்கள். 1 செ.மீ.க்குள் என்றால் நடக்க நடக்கத் தெரியாது, விட்டுவிடலாம். 1 முதல் 3 செ.மீ. என்றால் சலித்த மணலும் எருவும் கலந்து, இலைநுனி வெளியே தெரியும்படி 6 மி.மீ. மட்டும் தூவி, புல் மேலே வளர்ந்ததும் மறுபடி 6 மி.மீ. இப்படி ஆழத்துக்கேற்ப இரண்டு முதல் ஐந்து தவணையில் நிரப்புங்கள். 100 சதுர அடிக்கு 6 மி.மீ. என்பது சுமார் இரண்டு கன அடி, அதே பெயிண்ட் பக்கெட்டில் ஏறக்குறைய மூன்று. 3 செ.மீ.க்கு மேல் என்றால் புல்லை ஆங்கில எழுத்து எச் வடிவில் வெட்டி, இரு பக்கமும் புத்தகம்போல் விரித்து, அடியில் மண் போட்டு மூடுங்கள். மூடிய அந்தத் துண்டுக்கு மட்டும் பலகை வைத்து மிதி கொடுக்கலாம்.

ஏற்கெனவே இறுகிவிட்டதா?

தண்ணீர் விட்ட மறுநாள் 15 செ.மீ. நீள ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்துங்கள். பிடிவரை இறங்கினால் கவலையில்லை. பாதியில் நின்றால் மண் இறுகியிருக்கிறது. தோட்டக் கவையால், அல்லது கூராக்கிய 12 மி.மீ. கம்பியால், 10 செ.மீ.க்கு ஒரு துளை வீதம் 8 முதல் 10 செ.மீ. ஆழம் குத்துங்கள். குத்தியதும் லேசாக ஆட்டி எடுங்கள். சலித்த எருவைத் தூவி விளக்குமாற்றால் துளைக்குள் தள்ளுங்கள். பங்குனியில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை செய்தால் மழைக்கு முன் தரை திறந்திருக்கும். ஆணி பதித்த செருப்பைப் போட்டு நடப்பது இதற்கு ஈடாகாது. ஆணி மெல்லியது, ஆழமும் போதாது, உங்கள் எடை வேறு பக்கத்து மண்ணை அமுக்கும்.

வேலை முடிந்ததும்

இரும்பு உருளைக்குள் தண்ணீரை விட்டுவைக்காதீர்கள். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு; அதை நிரப்பி அப்படியே விட்டால் உருளை உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டையாகும். மூடியைத் திறந்து கவிழ்த்து வடித்து, நல்ல தண்ணீரால் ஒரு முறை அலசி, வாய் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வெயிலில் ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு மூடியை வாஷரோடு இறுக்கி மூடி, கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். வாய் திறந்த உருளையில் ஒரு டம்ளர் மழைத்தண்ணீர் ஒரு வாரம் நின்றாலும் டெங்கு கொசு முட்டையிட்டுப் பொரித்துவிடும். மாநகராட்சியிலிருந்து கொசுப் புழு பார்க்க வருகிறவர்கள் தொட்டியையும் டயரையும் பார்க்கிற நேரத்தில், கார் ஷெட் மூலையில் கிடக்கும் இந்த உருளையையும் நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள்.